செவ்வாய்க்கிழமைப் பின்னேர நுண்கணிதம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி நம் சமூக சேவை நிலையத்தில் கேட்டார்கள். நான் ஓய்வுபெற்ற பிறகுதான் என்னைப் பேசச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. வேலையில் இருந்தபோது, கொஞ்சம் பேசாமல் இருங்கள் என்றுதான் கேட்டுக்கொண்டார்கள். அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைத்தான் எழுதப் போகிறேன். நான் சரியாகச் செய்தவற்றை எழுதினால் அரைப் பக்கம்கூட வராது.

நம் வேலைக்குப் பிரெஞ்சில் நீளமான ஒரு பெயர் உண்டு. அதை மூச்சு விடாமல் சொல்லப் பழகவே எனக்கு ஒரு குளிர்காலம் ஆயிற்று. உள்ளபடி பார்த்தால், தமிழ்ப் பெற்றோருக்கும் கல்லூரிக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. இந்தப் பக்கம் சொல்வதை அந்தப் பக்கம் கடத்த வேண்டும், அந்தப் பக்கம் சொல்வதை இந்தப் பக்கம் கடத்த வேண்டும். வழியில் சொந்தச் சரக்கைக் கலக்கக் கூடாது. என்னிடம் சொந்தச் சரக்கு ஏராளமாக இருந்தது.

எனக்கு இந்தத் துறையில் பட்டம் எதுவும் கிடையாது. மொன்றியலுக்கு வந்த புதிதில் உணவகத்தில் கோப்பை கழுவினேன், பிறகு டாக்சி ஓட்டினேன். என் பிரெஞ்சு டாக்சியின் பின்னிருக்கையிலிருந்து வந்தது. அதனால் இன்றைக்கும் ஆளின் முகத்தைப் பார்க்காமல் கதைத்தால்தான் எனக்கு அது சரளமாக ஓடும். ஆட்கள் போகிற போக்கில் சொல்லும் வசனங்களை மறக்காமல் வைத்திருப்பதுதான் என்னிடம் இருந்த ஒரே தகுதி. முதல் நாள் என்னிடம் வந்த ஒரு தாய் சொன்னார்: “அண்ணை, என்ர பிள்ளைக்கு மூண்டு பாஷை தெரியும், எனக்கு ஒண்டுதான் தெரியும். ஆனா நான் கத்தினா மூண்டு பாஷையிலயும் விளங்குது.” நம் வேலை எங்கே தொடங்குகிறது என்பதை இதைவிட நன்றாக எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதலில் சின்னதாக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்பது விளங்கட்டும்.

இங்கே கல்லூரிப் பிள்ளையின் தரத்தை ஆர்-ஸ்கோர் என்ற ஓர் எண்ணால் சொல்வார்கள். அது நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கு அல்ல. முப்பதை நெருங்கினாலே பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்ளலாம். நான் சேர்ந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. ஒரு தகப்பன் மகனோடு வந்து, “எவ்வளவாம் அண்ணை?” என்று கேட்டார். கணினியில் பார்த்து, “இருபத்தெட்டு” என்றேன். தகப்பன் மகனைப் பார்த்தார். நானும் மகனைப் பார்த்தேன். “தம்பி, கொப்பர் குளிருக்குள்ள நிண்டு உழைக்கிறார்” என்று நான் தொடங்கினேன். விட்ட இடத்திலிருந்து தகப்பன் தொடர்ந்தார். பையன் இடையில் ஏதோ சொல்லப் பார்த்தான். பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே கதைக்காதே என்று இருவரும் சேர்ந்தே அதட்டினோம்.

சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து கல்லூரியின் வழிகாட்டல் ஆலோசகர் எழுந்து வந்தார். திரையைப் பார்த்தார். வகுப்பில் பெரும்பாலானோரைவிட இந்தப் பையன் மேல் என்று அமைதியாகச் சொன்னார். நான் அதை மொழிபெயர்த்தேன். தகப்பன் எழுந்து மகனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார். “அண்ணை, நீங்கள் ஆரின்ர பக்கம்?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இத்தனை வருடம் வேலை பார்த்தேன்.

அந்த ஆலோசகரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என்னைவிட வயதில் மிக இளையவர், முறையாகப் படித்தவர், இந்த ஊரிலேயே பிறந்த கியூபெக்காரப் பெண். தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். என் கதைகளில் தன் பெயர் வந்தால் நண்பர்கள் சிரிப்பார்களாம். மேசையில் எப்போதும் ஒரு டப்பா நிறைய நறுக்கிய பச்சைக் கரட் வைத்திருப்பார். யார் என்ன சொன்னாலும் கரட்டைக் கடித்தபடியே கேட்பார். கடிக்கும் சத்தம் நின்றுவிட்டால் முக்கியமாக ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த கொஞ்ச நஞ்சமும் அந்தச் சத்தம் நின்ற நேரங்களில் கற்றதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் அதிகமாக வரப்போவது கடைசி வருடப் பாடத் தெரிவுதான். எங்கே போவதென்று தெரியாத பிள்ளை வந்தால் பயப்படாதீர்கள், அது சுலபம். எல்லாக் கதவையும் திறந்து வை என்று சொல்லி அனுப்பிவிடலாம். எங்கே போவதென்று முன்பே முடிவெடுத்துவிட்ட பிள்ளைதான் சிக்கல். நகரத்து அரச பல்கலைக்கழகம், இன்ன துறை, புள்ளியும் போதும், இடமும் அநேகமாக நிச்சயம். அப்போது கடைசி வருடம் என்பது வெறுங்காணி மாதிரிக் கிடக்கும். வெறுங்காணியைக் கண்டால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இராது. ஒருவர் வேலி அடைப்பார், ஒருவர் கிணறு வெட்டத் தொடங்குவார். காணி பிள்ளையுடையது என்பது கடைசியில்தான் யாருக்காவது ஞாபகம் வரும்.

சாருகா அப்படி வந்த பிள்ளை. ரொக்ஸ்பரோவில் வீடு. தாய் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை, தகப்பன் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் நிற்கிறார். சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியை ஆக வேண்டும் என்று சாருகா கல்லூரிக்கு வரும்போதே முடிவெடுத்திருந்தாள். அரச பல்கலைக்கழகத்தில் கல்வியியல். அவளுடைய புள்ளிகளுக்கு அது கிடைக்கும் என்று ஆலோசகரும் சொல்லியிருந்தார். அந்த வசந்த காலத்தில், அடுத்து வரும் கடைசி வருடத்துக்குப் பாடம் தெரிவு செய்ய மூவரும் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

தாய்தான் தொடங்கினார். “அண்ணை, இவவுக்கு இலேசான பாடமாப் பாத்துப் போட்டுவிடுங்கோ. இடம் எப்பிடியும் கிடைக்கும்தானே. பேந்து ஏன் சும்மா மண்டையை உடைப்பான்?”

சாருகா நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்: “எனக்குக் கல்குலஸ் வேணும்.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “கணக்கோ பிள்ளை?”

“ஓம் அங்கிள். மேலதிகப் பாடமா. பகல் வகுப்பு நிரம்பிட்டுது. பின்னேர வகுப்பு இருக்கு. செவ்வாயும் வியாழனும். சனி காலமை பயிற்சி வகுப்பு.”

கல்வியியலுக்கு நுண்கணிதம் தேவையே இல்லை. தேவை இல்லாத ஒரு பாடத்தை, பின்னேரம் வந்து, சனிக்கிழமையும் வந்து படிக்கிறேன் என்கிறாள் ஒரு பிள்ளை. யாழ்ப்பாணத்தில் பிறந்த எவனுக்கும் இந்த இடத்தில் கண் கலங்கும். எனக்கும் கலங்கியது.

தாய் மெல்ல, “அது சரி அண்ணை, ஆனா இவவுக்கு இந்த வருசம் வேற ஒரு அலுவலும் இருக்கு…” என்றார்.

வேறு அலுவல். பெண்பிள்ளை, பதினெட்டு வயது, வேறு அலுவல். எனக்குக் கண் கலங்கியது போய் இரத்தம் கொதித்தது. கல்யாணப் பேச்சு என்று நான் அந்தக் கணமே முடிவெடுத்துவிட்டேன். என்ன அலுவல் என்று கேட்க ஒரு வசனம் போதும். அந்த ஒரு வசனத்துக்குப் பதிலாக நான் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். பெண்கல்வி வந்தது, நாம் கடல் தாண்டி வந்த காரணம் வந்தது, கணிதம் மனித மூளையின் உச்சம் என்பதும் வந்தது. சாதாரண தரப் பரீட்சையில் எனக்குக் கணிதத்துக்கு என்ன கிடைத்தது என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

“அண்ணை, நான் அப்பிடி ஒண்டும்…” என்று தாய் வாயெடுத்தார். நான் கையை உயர்த்தி நிறுத்தினேன். இதை எழுதும்போதும் அந்தக் கை என் கண்முன் நிற்கிறது. போக்குவரத்துப் பொலிஸ்காரர் கை மாதிரி.

தகப்பன் உருகிப்போனார். “அண்ணை சொல்லுறது சரிதான். எங்கட பரம்பரையிலயே ஒருத்தருக்கும் கணக்கு ஓடினதில்லை. பிள்ளைக்கு ஓடுதெண்டா ஓடட்டும். மற்றதெல்லாம் பேந்து பாப்பம்.”

தாய் கைப்பையை எடுத்துக்கொண்டார். சாருகா என்னைப் பார்த்து, “மெர்சி அங்கிள்” என்றாள். ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தனி ஆளாக மீட்டெடுத்த களைப்போடு நான் நாற்காலியில் சாய்ந்தேன்.

அவர்கள் போன பிறகு ஆலோசகர் வந்து கேட்டார். “அந்த அம்மா என்ன சொன்னார்?”

“கணிதம் வேண்டாம் என்றார்.”

“ஏன்?”

“அது எங்கள் பண்பாடு. உங்களுக்கு விளங்காது” என்றேன். அவர் கரட்டை ஒரு தரம் கடித்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

பிள்ளைகளே, இந்த வேலையில் ‘அது எங்கள் பண்பாடு’ என்று நீங்கள் சொல்ல நேர்ந்தால், அந்தக் கணத்தில் உங்களுக்கு விஷயம் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த விதி எனக்கு ஒருமுறையும் தப்பியதில்லை.

கோடை போய்ச் செப்டெம்பர் வந்தது. வகுப்புகள் தொடங்கி முதல் சோதனையும் வந்தது. நுண்கணிதத்தில் சாருகா மிக மோசமாகத் தவறியிருந்தாள். நான் கலங்கவில்லை. எந்த மேதைக்கும் தொடக்கம் அப்படித்தான் என்றேன். அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் இருந்தார், என் பழைய டாக்சிப் பயணி. அவரைப் பிடித்து இரண்டு ஞாயிறு அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தேன். அவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். “நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை. தேத்தண்ணிக் கோப்பையைக்கூடத் தானே கழுவி வைக்குது. கணக்கு மட்டும் எந்தப் பக்கத்தாலயும் உள்ளுக்குப் போகுதில்லை.”

“கொஞ்சம் தள்ளிப் பாருங்கோவன்” என்றேன்.

“கதவு இருந்தாத்தானே தள்ளுறதுக்கு” என்றார்.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு பாடத்தைக் கைவிடக் கடைசி நாள் என்று ஒன்று உண்டு. அன்று பின்னேரம் வரைக்கும் விட்டால் அந்தப் பாடம் எடுத்த சுவடே இராது. அதற்குப் பிறகு விட்டாலும் தவறினாலும் ‘சித்தியில்லை’, அதாவது தோல்வி, என்று பதிவாகும், சராசரி சரியும். பல்கலைக்கழகம் இடம் கொடுக்கும்போது பார்ப்பது அந்தச் சராசரியைத்தான். கல்லூரிச் சான்றிதழுக்கு சாருகாவுக்கு நுண்கணிதம் வேண்டியதில்லை. இருந்தால் அவளை அது கீழே இழுத்துப்போகும். நிச்சயமாக இருந்த ஓர் இடம், யாருக்கும் தேவையில்லாத ஒரு பாடத்தால் ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பாடத்துக்காகக் கையை உயர்த்தி வாதாடியவன் நான்.

கடைசி நாள் அன்று மத்தியானம் ஆலோசகர் அவளைக் கூப்பிட்டார். நானும் கூட இருந்தேன். விட்டுவிடு என்று அவர் சொன்னதும் சாருகா மறுத்தாள்.

“இல்லை மேடம். நான் படிப்பன்.”

“பிடிக்குமா இந்தப் பாடம்?”

“பிடிக்காது.”

“பிறகு?”

நான் இடையில் புகுந்து, விடாமுயற்சியைப் பற்றி இரண்டு வசனம் சொல்ல ஆயத்தமானேன். அப்போதுதான் கரட் கடிக்கும் சத்தம் நின்றது கேட்டது.

“சாருகா, இந்தப் பாடத்தை நீ விட்டால், செவ்வாய்க்கிழமை பின்னேரம் உன் வீட்டில் என்ன நடக்கும்?”

சாருகா அழத் தொடங்கினாள். “டான்ஸ்” என்றாள்.

பிறகு எல்லாம் வந்தது. சின்ன வயதிலிருந்து அவள் பரதநாட்டியம் பழகுகிறாள். பல்கலைக்கழகத்துக்குப் போக முன் அரங்கேற்றம் செய்ய வேண்டும் என்பது தாயின் ஆசை. டொராண்டோவில் இருக்கும் பெரியம்மா, சித்தி வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆகிவிட்டது, மண்டபம், பக்கவாத்தியம், மேடை அலங்காரம் எல்லாவற்றோடும். மொன்றியலில் மிஞ்சியிருப்பது இவள்தான். செவ்வாய், வியாழன் பின்னேரமும் சனி காலையும் அதற்கான ஒத்திகை. அதைத்தான் தாய் ‘வேற அலுவல்’ என்று சொல்ல வந்திருக்கிறார். நான் கையைக் காட்டி நிறுத்தியது அந்த வசனத்தைத்தான். சாருகாவுக்கு ஆட்டத்தில் விருப்பம் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. நம் வீடுகளில் ‘பிடிக்கவில்லை’ என்று சொன்னால் எடுபடாது, ‘படிப்பு இருக்கு’ என்றால் எல்லோரும் வழிவிடுவார்கள். அதனால் அவள் நேர அட்டவணையைப் பார்த்து, ஒத்திகை நேரத்தை முழுதாக மறைக்கிற அளவுக்குப் பெரிய பாடமாக ஒன்றைத் தேடி எடுத்திருக்கிறாள். டான்ஸ் ரீச்சரும் படிப்பு என்றதும் ஒத்திகையை நிறுத்தி வைத்திருக்கிறார். பாடத்தை விட்டால் அடுத்த செவ்வாயே சலங்கை கட்ட வேண்டும்.

கணிதத்தின் மகத்துவத்தைப் பற்றி நான் ஆற்றிய உரையை உலகத்திலேயே ஒருவர்தான் முழுதாக நம்பியிருக்கிறார். அது அவளுடைய அப்பா. கொஞ்சம் நானும்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “அங்கிள், நான் இப்பவே பாடத்தை விடுறன். ஆனா வீட்ட சொல்லமாட்டன். செவ்வாயும் வியாழனும் லைப்ரரில இருந்திட்டு வாறன். அம்மா உங்களைக் கேட்டா, மட்ஸ் நல்லாப் போகுது எண்டு மட்டும் சொல்லுங்கோ. ப்ளீஸ் அங்கிள். இந்த ஒரு வருசம்தான்.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்துப்போயிற்று. பிள்ளையின் இடம் பிழைக்கும், என் மானமும் பிழைக்கும். தகப்பன் சந்தையில் என்னைப் புகழ்ந்துகொண்டே இருப்பார். அவள் கேட்டதை ஆலோசகருக்கு மொழிபெயர்த்தேன். அவள் வயது வந்தவள், அவளுடைய விஷயத்தை நாங்கள் பெற்றோரிடம் சொல்ல முடியாது, அது சட்டம். ஆனால் அவளுக்காகப் பொய் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இதை என்னிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு, முடிவை என்னிடம் விட்டுவிட்டார்.

எனக்குப் பொய் சொல்ல வராது என்று பெருமையாக எழுத ஆசைதான். பொய் எனக்கு நன்றாக வரும், நிறுத்தத்தான் வராது. சாருகாவின் அம்மா பார்க்-எக்ஸ்டென்ஷன் தமிழ்க் கடையில் தேங்காய்ப்பால் டின்னோடு என்னைப் பிடித்து, “பிள்ளை எப்பிடி அண்ணை?” என்று கேட்டால், நல்லாப் போகுது என்பதோடு நான் நிற்பேனா? வகுப்பில் முதலாவது என்பேன். பேராசிரியர் வியந்து போனார் என்பேன். மிளகாய்த்தூள் பக்கம் வருவதற்குள் ஒரு பதக்கமும் கொடுத்திருப்பேன். அந்தப் பதக்கத்தை யார் எங்கேயிருந்து கொண்டு வருவது?

“ஏலாது பிள்ளை” என்றேன். “உனக்காக இல்லை. எனக்குப் பயம். நான் அளவில்லாமல் அவிட்டு விட்டிடுவன். நீயே அம்மாவுக்குச் சொல்லு. இஞ்சயே வரச்சொல்லு. நான் பக்கத்தில இருக்கிறன்.”

“நீங்கள் கதைப்பீங்களா?”

“இல்லை. இருப்பன்.”

அவள் வெகுநேரம் தொலைபேசியைக் கையில் வைத்திருந்தாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டாள்.

தாய் காப்பகத்திலிருந்து நேரே வந்தார். மேற்சட்டையில் ஏதோ ஒரு குழந்தை ஒட்டிவிட்ட வாத்து ஸ்டிக்கர் இருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. கணினி பின்னேரம் ஐந்து மணிக்குப் பாடத் தெரிவைப் பூட்டிவிடும். ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் மெட்ரோவுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள்.

“என்ன பிள்ளை, என்ன நடந்தது?”

“அம்மா, நான் மட்ஸ் பெயில். பாடத்தை விடப் போறன். இல்லாட்டி யூனிவர்சிட்டி இடம் போயிடும்.”

தாயின் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. “அதுக்கேன் அழுறாய்? விடன். நான் அப்பவே சொன்னனான்தானே. செவ்வாய்க்கிழமை ரீச்சரிட்டப் போவம்.”

“அம்மா, எனக்குக் கணக்குப் பிடிக்காது.”

“பேந்து ஏன் எடுத்தனி?”

சாருகா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “ஆட்டம் அதைவிடப் பிடிக்காது.”

தாய் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார்.

“எப்ப இருந்து?”

“சின்னனில பிடிச்சது. பேந்து பிடிக்கேல்லை.”

“சொல்லியிருக்கலாமே. எத்தினை பனிக்குள்ள கூட்டிக்கொண்டுபோய் விட்டனான். காருக்குள்ள இருந்து விறைச்சுக்கொண்டு…”

“அதாலதானம்மா சொல்லேலாமப் போச்சு.”

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். தாய்ப்பாசம், தலைமுறை இடைவெளி, கலையின் நோக்கம் எல்லாம் தொண்டைவரை வந்து நின்றன. ஆலோசகருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது, ஆனால் என் முகம் தெரியும். கரட் டப்பாவை என் பக்கம் தள்ளினார். நான் ஒன்றை எடுத்து வாயில் வைத்துக் கடித்தேன். என் தொழில் வாழ்க்கையில் ஒரு குடும்பத்துக்கு நான் செய்த மிகப் பெரிய உபகாரம் அந்தக் கரட்டைத் தின்றதுதான்.

தாய் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணினியைக் காட்டினார். “எங்க அமத்தவேணும்?”

சாருகா காட்டினாள்.

“அமத்து.”

அமத்தினாள். திரையில் நுண்கணிதம் இருந்த வரி காணாமல் போயிற்று.

“ரீச்சர்?” என்றாள் சாருகா, சத்தம் வராமல்.

“ரீச்சரோட நான் கதைக்கிறன். இண்டைக்கு இல்லை. எனக்குக் கொஞ்சம் நேரம் வேணும் பிள்ளை. எனக்கு நீ ஆடுறது பிடிக்கும். அதை மறக்க நேரம் வேணும்.” எழுந்து கைப்பையை எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “அப்பாவுக்கு நீங்கள் சொல்லுங்கோ அண்ணை. கணக்குக் கணக்கெண்டு அந்த மனிசன்ர மண்டையில ஏத்தினது நீங்கள்தானே. இறக்கிறதும் நீங்களே.” சாருகாவும் சரி என்று தலையாட்டினாள்.

அந்தப் பிள்ளையின் கதை எப்படி முடிந்தது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். அடுத்த வசந்தத்தில் அவள் விரும்பிய இடமே கிடைத்தது, விரும்பிய துறைக்கே போனாள். அந்த வருடம் அரங்கேற்றம் நடக்கவில்லை. தாய் என்னோடு நெடுநாள் அளந்துதான் பேசினார். அது நியாயம்தான். அவருடைய வசனத்தை முடிக்க விடாமல் நிறுத்தியவன் நான். அன்று என்ன அலுவல் என்று நான் கேட்டிருந்தால், விஷயம் வசந்தத்திலேயே மேசைக்கு வந்திருக்கும், பிள்ளை நுண்கணிதத்துக்குள் போய் ஒளிந்திருக்கத் தேவையில்லை.

அதனால் நீங்கள் கடைசி வருடப் பாடம் தெரிவு செய்ய உட்காரும்போது, ஏன் இந்தப் பாடம் என்று கேட்காதீர்கள். அதற்குப் பிள்ளைகள் நல்ல பதில் ஒன்றைப் பாடமாக்கி வைத்திருப்பார்கள். எடுக்காவிட்டால் அந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயில் எதையாவது போட்டுக்கொள்ளுங்கள். கரட் இல்லாவிட்டால் முறுக்கும் பரவாயில்லை, ஆனால் சத்தம் அதிகம்.

இனி நான் சந்தைக்குப் போன கதை. அடுத்து வந்த சனிக்கிழமை காலையிலேயே போனேன். ஆறப்போட்டால் நான் போகமாட்டேன் என்று எனக்குத் தெரியும். சந்தையில் சோளமும் ஆப்பிளும் குவிந்து கிடந்த காலம். சாருகாவின் அப்பா தக்காளி அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“வாங்கோ அண்ணை, வாங்கோ! கணக்கு எப்பிடிப் போகுது எங்கட ஆளுக்கு? நான் கேட்டா ‘சவா, சரியாப் போகுது அப்பா’ எண்டிட்டுப் போறா.”

வீட்டில் தாய் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று விளங்கியது. நான் சொல்லத் தொடங்கினேன். சோதனையில் தவறியதைச் சொன்னேன், பாடத்தை விட்டதைச் சொன்னேன், எடுத்த காரணத்தைச் சொன்னேன். கணிதத்தைப் பற்றி வசந்தத்தில் நான் சொன்ன ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அடுக்கிய தக்காளிக் குவியலைக் கலைத்து மறுபடி பெட்டிக்குள் போடுவது மாதிரி இருந்தது. அவர் கைகள் மட்டும் அடுக்கிக்கொண்டே இருந்தன. நடுவில் ஒரு கிழவி வந்தார். “போன்ஜூர் மதாம்” என்று தக்காளி நிறுத்துக் கொடுத்து அவரை அனுப்பிவைத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“அப்ப கணக்குமில்லை.”

“இல்லை.”

“டான்சுமில்லை.”

“இல்லை.”

அவர் ஒரு தக்காளியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

“அப்ப பிள்ளைக்கு என்னதான் செய்ய விருப்பமாம், இந்தச் சனிக்கிழமையில?”

நான் திகைத்துப் போனேன். அவளுக்காக வாதாடியவன், அவளுக்கு ஆசிரியர் தேடிக் கொடுத்தவன், அவளுடைய அழுகையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். “தெரியாது. நான் கேக்கேல்லை” என்றேன்.

“நானும் கேக்கேல்லை அண்ணை.” ஏப்ரனில் கையைத் துடைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். கையில் இன்னும் மண் இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டுப் பெட்டியின் மேல் வைத்தார். வெகுநேரம் மணி அடித்தது.

“அப்பா…?” குரல் போர்வைக்குள் இருந்து வந்தது.

“பிள்ளை, அப்பா கதைக்கிறன். ஏசுறதுக்கு இல்லை. எல்லாம் அண்ணை சொன்னவர். ஒண்டு கேக்கத்தான் எடுத்தனான். இனிச் சனிக்கிழமையில உனக்கு என்ன செய்ய விருப்பம்?”

போர்வை சரசரக்கும் சத்தம் கேட்டது.

“இப்ப செய்துகொண்டிருக்கிறதுதான் அப்பா.”

“என்ன செய்யிறாய்?”

“நித்திரை.”

அவர் தொலைபேசியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வளரும் பிள்ளைகளுக்கு ஓய்வு எவ்வளவு முக்கியம் என்பது பற்றி நல்ல வசனங்கள் சில எனக்கு அந்தக் கணத்தில் உதித்தன. மூச்சை இழுத்தேன்.

“அண்ணை, கோவிக்காதேங்கோ” என்றார் அவர், தொலைபேசியை மெல்ல அணைத்தபடி. “இதுக்கு நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம்.”